ஊசியும் மூளையின் அலைகளும்

அக்குபங்சர் ஊசி மூளையின் மின் இயக்கத்தை மாற்றுகிறது என்னும் செய்தி இப்போது பலருடைய பேச்சிலும் அடிபடுகிறது. நீலமும் சிவப்புமாக வர்ணம் தீட்டிய இரண்டு மூளைப் படங்களை அடுத்தடுத்து அச்சிட்டு, ஒன்றின் கீழ் 'சிகிச்சைக்கு முன்' என்றும் மற்றொன்றின் கீழ் 'சிகிச்சைக்குப் பின்' என்றும் எழுதிவிட்டால், வேறு பிரமாணம் எதுவும் வேண்டியதில்லை என்று படிப்பவருக்குத் தோன்றிவிடுகிறது. செய்தி பொய்யன்று, ஊசி மூளையின் அலைகளை மாற்றத்தான் செய்கிறது. ஆனால் மூளை மாறியதால் நோய் தீர்ந்தது என்றும், நோய் தீர்ந்ததால், பிராண சக்தி பாய்வதாகச் சொல்லப்படும் நாடிப் பாதைகளைப் பற்றிய பழைய சாஸ்திரம் முழுவதும் விஞ்ஞானத்தால் ஸ்தாபிதமாயிற்று என்றும், அந்த ஒரு செய்தியை ஆதாரமாகக் கொண்டு அடுக்கடுக்காக எழுப்பப்படும் அனுமானங்களை நாம் ஏற்பதற்கில்லை. இந்த வைத்தியத்தின் மேல் மதிப்புக் கொண்டவர்களே இதை முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மூளையில் மின் இயக்கம் உண்டென்பதை 1875இல் லிவர்பூல் நகரத்து வைத்தியர் ரிச்சர்டு கேட்டன் முயல்களிடத்திலும் குரங்குகளிடத்திலும் கண்டறிந்தார். மனிதரிடத்தில் அதை முதன்முதலாகப் பதிவு செய்தவர் ஜெர்மனியில் ஜேனா நகரத்து மனோவைத்தியர் ஹான்ஸ் பெர்கர். அவரை இந்த ஆராய்ச்சிக்கு இழுத்துச் சென்ற காரணம் விசித்திரமானது. இளமையில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்தில் நசுங்க இருந்து மயிரிழையில் அவர் தப்பினார். அன்றைக்கே, தொலைவிலிருந்த அவருடைய தமக்கைக்குக் காரணம் தெரியாத கலக்கம் உண்டாகி, அவள் சொற்படி தகப்பனார் தந்தி கொடுத்து நலம் விசாரித்தார். மனம் மனத்தோடு பேசுவதற்கு ஏதோ ஒரு பௌதிக சக்தி துணை செய்கிறது என்னும் நம்பிக்கை அன்று அவருக்குள் விழுந்தது. அந்த சக்தியைத் தேடிப் போனவருக்கு அது அகப்படவில்லை. அதற்குப் பதிலாக அகப்பட்டது, கண்ணை மூடி அமைதியாக இருக்கும் மனிதனுடைய தலையிலிருந்து விநாடிக்கு ஏறக்குறைய பத்து முறை எழுந்து தாழும் ஒரு மெல்லிய அலை. 1924இல் அதைப் பதிவு செய்தவர், அது நெஞ்சின் துடிப்போ, இரத்த ஓட்டமோ, தசையின் அசைவோ, கருவியின் கோளாறோ அல்லவென்று தம் மனம் ஒப்பும் வரையில் சோதித்துப் பார்த்து, 1929இல்தான் வெளியிட்டார். 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மாத்யூஸும் அதை மீண்டும் செய்து காட்டிய பிறகே உலகம் அவரை நம்பிற்று. ஆசை ஒன்றைத் தேடிப் புறப்பட்ட மனிதர், கண்டதை மட்டும் கண்டதாகச் சொல்ல ஐந்தாண்டு காத்திருந்தாரே, அந்த நிதானத்தை இன்று வர்ணப் படம் அச்சிடுவோரிடம் காண எனக்கு ஆசை.

மூளையின் இந்த மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுக்கும் அறைக்குள் போனவர்களுக்கு அந்தப் பரிசோதனையின் போக்குத் தெரியும். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்கிறார்கள். டெக்னீஷியன் தலைமயிரை வகிர்ந்து வகிர்ந்து, உச்சியிலும் நெற்றியிலும் பிடரியிலும் காதோரத்திலும் அளவெடுத்துப் புள்ளியிட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் தோலைத் தேய்த்துப் பசை தடவி, சுமார் இருபது சிறு உலோக வில்லைகளை ஒட்டுகிறார். பிறகு, 'கண்ணை மூடுங்க, இப்போ திறங்க, மூச்சை நல்லா இழுத்து விடுங்க' என்கிறார். கண்ணை மூடிய மாத்திரத்தில் பிடரிப் பக்கத்துக் கோடுகளில் ஆல்பா என்னும் அந்த அலை அழகாக எழும்பி வருகிறது. கண்ணைத் திறந்தால் அடங்கிவிடுகிறது. தூக்கம் கண்ணைச் சொக்கும்போது ஆல்பா சிதறி, விநாடிக்கு நான்கு முதல் எட்டு முறை வரும் தீட்டா அலை தலையெடுக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில் அதைவிட மெதுவான டெல்டா. இந்த அலைகளின் உயரம் மைக்ரோவோல்ட்டுகளில், அதாவது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்னும் அளவில், பெரும்பாலும் நூறைத் தாண்டாது. கண்ணிமை ஒரு தடவை படபடத்தால் அதைக்காட்டிலும் பெரிய கோடு விழும். பல்லைக் கடித்தால் தாள் முழுவதும் கிறுக்கலாகும்.

மண்டையோட்டுக்கு வெளியிலிருந்து கேட்கும் இந்தச் சப்தம் எவ்வளவு சொல்லும், எவ்வளவு சொல்லாது என்பதை அறிவது முக்கியம். தேர்த்திருநாளன்று கோயில் மதிலுக்கு வெளியே நின்று காது கொடுத்தால், ஆயிரம் பேர் ஒரே மூச்சில் வடம் பிடித்திழுக்கும் தருணம் தெரியும், கூட்டம் கலைந்து அவரவர் தம் பேச்சில் இறங்கிய தருணமும் தெரியும். எவர் என்ன வேண்டிக்கொண்டார் என்பது தெரியாது. கோடிக்கணக்கான நரம்பணுக்கள் ஒத்திசைந்து எழுந்தால் இ.இ.ஜி.யில் அலை உயர்கிறது, தனித்தனி வேலையில் இறங்கினால் தாழ்கிறது. ஒருவர் விழித்திருக்கிறாரா, சோர்ந்திருக்கிறாரா, உறங்குகிறாரா என்பதையும், வலிப்பு நோய்க்கான கூர்முனை அலைகள் தோன்றுகின்றனவா என்பதையும் அது நன்றாகவே சொல்லும். இடுப்பு வலி தீருமா என்று அதைக் கேட்பது நியாயமாகாது.

இனி ஊசியின் கதைக்கு வருவோம். சீனத்தில் ஈராயிரம் ஆண்டுப் பழமை கொண்ட இந்தச் சிகிச்சை, மேல்நாட்டுப் பொதுஜனங்களின் கவனத்துக்கு வந்தது 1971இல். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் ஜேம்ஸ் ரெஸ்டன் பீகிங்கில் இருந்தபோது குடல்வாலில் வீக்கம் கண்டு, அங்கேயே ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஜூலை 26ஆம் தேதி அந்த அனுபவத்தை எழுதினார். ஊசி குத்தியே வலி தெரியாமல் அறுத்தார்கள் என்று அந்தச் செய்தி அன்றுதொட்டு உருமாறி உலவுகிறது. ரெஸ்டன் அப்படி எழுதவில்லை. அறுவை நடந்தது மரத்துப்போகச் செய்யும் சாதாரண மருந்து ஊசியைக் கொண்டுதான். இரண்டாம் நாள் இரவு வயிறு உப்பி வேதனை தந்தபோது, அதைத் தணிக்க வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழும் ஊசிகளைச் செருகி, வயிற்றருகே மூலிகையைக் கொளுத்திக் காட்டினார்கள். ஆறுதல் கிடைத்தது என்று எழுதினார். மறு ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் சீனத்துக்குப் போய்வந்த பிறகு அமெரிக்க வைத்தியர்கள் கூட்டமாகக் கிளம்பிப் போய்ப் பார்த்தார்கள். நம் நாட்டுக்கு அது வந்த வழி வேறு. 1938இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது சீனத்துக்கு உதவச் சென்ற ஐந்து இந்திய வைத்தியர்களில் ஒருவரான விஜய் குமார் பாசு, ஐம்பதுகளின் இறுதியில் மறுபடியும் அங்கே சென்று ஊசி வைத்தியத்தைப் பயின்று வந்து, கல்கத்தாவில் அதைத் தொடங்கினார். அந்த ஐவரில் இன்னொருவரான டாக்டர் கோட்னிஸ் அங்கேயே உயிர் நீத்த அதே தூதுக்குழுவின் இன்னொரு பயன் இது.

கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேரும் சந்தில், ஊசி செருகும் இடங்களில் ஒன்றான ஹேகு என்னும் புள்ளி இருக்கிறது. கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசியை அங்கே செருகி, விரல் நுனிகளுக்கிடையில் மெல்லத் திருகினால், குத்திய வேதனை மறைந்து, உள்ளே கனப்பதும் கடுப்பதும் மரப்பதுமாகிய ஓர் உணர்வு பரவும். சீன வைத்தியர்கள் அந்த உணர்வு எழுந்தால்தான் ஊசி பலித்ததாகக் கொள்வார்கள். அது நாடிப் பாதையில் பாயும் பிராண சக்தியா, நரம்பில் ஓடும் செய்தியா? 1973இல் சீன ஆராய்ச்சியாளர்களே இதைச் சோதித்தார்கள். ஹேகுவின் அடியிலுள்ள தசைக்குள் மரத்துப்போகச் செய்யும் மருந்தை முன்கூட்டி ஏற்றிவிட்டு ஊசியைத் திருகினால், அந்தக் கனத்த உணர்வும் எழவில்லை, வலி தணியவும் இல்லை. நரம்பு அடைபட்டால் ஊசியும் ஊமையாகிறது என்று அதனால் தெரிந்தது. தசையிலிருந்து தண்டுவடத்துக்கும், அங்கிருந்து மூளைத்தண்டுக்கும், பிறகு தலாமஸ் வழியாக மூளைப் புறணிக்கும் செய்தி ஏறுகிறது. ஏறிய இடமெல்லாம் மின் இயக்கம் மாறுகிறது. மூளை அலை மாறுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று நான் சொல்வது இதனால்தான். மாறாமல் இருந்தால் அல்லவா ஆச்சரியம்!

எழுபதுகளின் நடுவில் இன்னொரு கதவு திறந்தது. 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்தில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் மூளை தானே சுரக்கும் அபின் போன்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். இரண்டாண்டுக்குள், அபினின் வேலையைத் தடுக்கும் நலோக்ஸோன் என்னும் மருந்தைக் கொடுத்தால் ஊசி தந்த பல்வலி நிவாரணம் மறைகிறது என்று மேயர் என்பவரும் அவர் தோழர்களும் அறிவித்தார்கள். பீகிங்கில் ஹான் ஜிஷெங், ஊசியோடு மின்சாரத்தையும் இணைத்து, விநாடிக்கு இரண்டு துடிப்பு வீதம் செலுத்தினால் ஒரு வகைச் சுரப்பும் நூறு துடிப்பு வீதம் செலுத்தினால் வேறொரு வகைச் சுரப்பும் வெளிப்படுவதைக் காட்டினார். இவையெல்லாம் அருமையான வேலைகள். ஆனால் 1983இல் அமெரிக்காவில் சாப்மன் குழுவினர் பல்லில் வலி உண்டாக்கி இதை மறுபடி சோதித்தபோது, ஊசியால் வலி தாங்கும் சக்தி கூடியது, நலோக்ஸோன் அதைக் குறைக்கவில்லை. ஆக, அந்த விஷயமும் முழுதாக முடிந்த பாடில்லை.

மின் அலை ஆய்வுகளின் நிலைமை இதைவிடக் கலவையானது. ஊசி இருக்கையில் ஆல்பா பெருகிற்று என்று சில ஆய்வுகள். குறைந்தது என்று வேறு சில. தீட்டாவும் டெல்டாவும் கூடின என்று மற்றும் சில. இன்னொரு வகை ஆய்வில், கையில் ஒரு சிறு மின் தூண்டலைக் கொடுத்தால் ஏறக்குறைய இருபது மில்லிவிநாடியில் மூளைப் புறணியில் முதல் அலை எழுகிறது; அதற்குப் பின் நூறு, இருநூறு மில்லிவிநாடிகள் கழித்து வேறு அலைகள் எழுகின்றன. முதலில் வருவது செய்தி வந்து சேர்ந்ததன் அடையாளம். பின்னால் வருவன அந்தச் செய்தியை மனம் எவ்வளவு பொருட்படுத்துகிறது என்பதன் அடையாளம். வலி தணியும் சமயங்களில் பின்னால் வரும் அலைகளே தணிவதாகப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. அதே பின்னலைகள், கவனத்தை வேறு பக்கம் திருப்பினாலும் தணியும், வலி குறையும் என்ற நம்பிக்கை பிறந்தாலும் தணியும்.

இங்கேதான் நெருக்கமாகப் பார்க்க வேண்டும். சிகிச்சைக்கு வந்தவர் செருப்பைக் கழற்றி, மெத்தையில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, அரைமணி நேரம் ஒருவரும் தொந்தரவு செய்யாத அறையில் கிடக்கிறார். அன்பாகப் பேசிய வைத்தியர் ஒருவர் கையைப் பிடித்து நாடி பார்த்திருக்கிறார். வீட்டில் அடுப்படிக்கும் தெருவுக்குமாக ஓடிக்கொண்டிருந்த உடம்புக்கு அது எத்தனை நாளைக்குப் பிறகு கிடைத்த ஓய்வோ! ஊசியே இல்லாவிட்டாலும் அவருடைய ஆல்பா உயரும். சற்று நேரத்தில் கண் சொக்கித் தீட்டா வரும். நெற்றியிலும் கழுத்திலும் இறுகியிருந்த தசை தளர்வதால் வேகமான அலைகள் போலத் தோன்றிய கிறுக்கல் குறையும். ஊசியோடு மின்சாரமும் செலுத்தினால் அந்த மின்சாரமே இ.இ.ஜி. கோட்டில் வந்து விழும். முன் படத்துக்கும் பின் படத்துக்கும் இடையில் நடந்தவை இத்தனையிருக்க, மாறுதல் முழுவதையும் ஊசியின் கணக்கில் எழுதுவது எப்படி?

அதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. 1998இல் ஜெர்மானிய வைத்தியர் ஸ்ட்ரைட்பெர்கர் ஒரு போலி ஊசியை அமைத்தார். அதன் முனை மழுங்கியது. தோலில் அழுத்தினால் ஊசியின் தண்டு கைப்பிடிக்குள் போய்விடும். படுத்திருப்பவருக்குக் குத்தியது போலவே இருக்கும், தோல் துளைபடாது. மெய்யான ஊசிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே ஊசியின் சொந்த சம்பாத்தியம். போலி ஊசியும் தோலைத் தொடுகிறது, தொடுவதே ஒரு தூண்டல்தானே என்னும் ஆட்சேபம் உண்டு. அது நியாயமான ஆட்சேபமே. என்றாலும் இதைக்காட்டிலும் நேர்மையான கேள்வியை வேறு எந்த வழியிலும் கேட்க முடியவில்லை.

கேட்டபோது கிடைத்த பதில்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஜெர்மனியில் நெடுநாள் இடுப்பு வலியுள்ள 1162 பேரை மூன்றாகப் பிரித்து, சிலருக்கு விதிப்படியான புள்ளிகளில் ஊசி, சிலருக்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமான ஊசி, மீதிப் பேருக்கு வழக்கமான மருந்தும் பயிற்சியும் கொடுத்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்துக்குப் பின் முதல் பிரிவில் 47.6 சதவீதம் பேருக்கும், இரண்டாவதில் 44.2 சதவீதம் பேருக்கும், மூன்றாவதில் 27.4 சதவீதம் பேருக்கும் குணம் தெரிந்தது. இந்த மூன்று எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஊசி வைத்தியத்தின் விரோதிகள் முதலிரண்டை மட்டும் படித்து, எல்லாம் மனப்பிராந்தி என்கிறார்கள். அதன் பக்தர்கள் முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் படித்து வெற்றி கொண்டாடுகிறார்கள். மாத்திரையால் தீராத இடுப்பு வலியோடு வருபவருக்கு ஊசிச் சிகிச்சை என்னும் முழு நிகழ்ச்சி மெய்யாகவே உதவுகிறது, எந்தப் புள்ளியில் குத்தினோம் என்பது அவ்வளவாக உதவவில்லை என்பதே அந்த எண்கள் சேர்ந்து சொல்லும் சேதி.

புள்ளியின் மகிமையை மூளைப் படத்தால் நிரூபிக்க முயன்ற கதை ஒன்று உண்டு. 1998இல் கலிபோர்னியாவில் சோ என்னும் விஞ்ஞானியும் அவருடைய குழுவும், கண் நோய்க்கென்று பழைய சாஸ்திரம் சொல்லும் ஒரு புள்ளியை, கால் சுண்டுவிரலின் வெளிப்பக்கத்தில், தூண்டினால் மூளையில் பார்வைக்குரிய பகுதி விழித்தெழுகிறது என்று அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகையில் படத்தோடு வெளியிட்டார்கள். கேட்டவர் பிரமித்தார்கள். எட்டாண்டுகள் கழித்து, 2006இல், தாங்கள் தொடர்ந்து செய்த சோதனைகளில், குறைந்தபட்சம் வலியைப் பொறுத்தவரையில், புள்ளிக்கு அப்படிப்பட்ட தனிச் சக்தி இல்லையென்று கண்டு, சோவும் உடன் எழுதியவர்கள் பலரும் அந்தக் கட்டுரையைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தம் புகழுக்குக் காரணமான படைப்பைத் தம் கையாலேயே விலக்கிய அந்தச் செயலுக்கு நான் தலை வணங்குகிறேன். வாபஸ் பெற்ற கட்டுரையின் முடிவை இன்னும் பிரசாரத்தில் எடுத்துக்காட்டுவோர் இருக்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. இதைச் சொல்லாவிட்டால் நான் ஊசிக்கு அநியாயம் செய்தவனாவேன். மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டு விரல்கள் மரத்தும் எரிந்தும் போகும் நோய் ஒன்று உண்டு. தையல்காரரும் தட்டெழுத்து வேலை செய்வோரும் நன்கறிந்தது. அந்நோயாளிகளின் மூளைப் புறணியில் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்குமுரிய இடங்கள், தனித்தனியே நிற்க வேண்டியவை, ஒன்றோடொன்று நெருங்கிக் கலங்கிப்போகின்றன. ஹார்வர்டைச் சேர்ந்த நேபடோவ் குழுவினர் எண்பது நோயாளிகளுக்கு எட்டு வாரங்களில் பதினாறு முறை மின் ஊசிச் சிகிச்சை அளித்து, சிலருக்கு மணிக்கட்டிலும், சிலருக்கு எதிர்ப்புறக் கணுக்காலிலும், சிலருக்குப் போலியாகவும் செய்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். வேதனை குறைந்ததாக மூன்று பிரிவினருமே சொன்னார்கள். ஆனால் மணிக்கட்டு நரம்பில் மின் செய்தி ஓடும் வேகம் தேறியது மெய்யான ஊசி பெற்றவர்களிடத்தில்தான்; மூளையில் அந்த இரு விரல்களின் இடமும் விலகித் தெளிவடைந்ததைக் கொண்டு, யாருக்கு மூன்று மாதத்துக்குப் பின்னும் குணம் நிலைக்கும் என்று ஊகிக்கவும் முடிந்தது. உடனடி ஆறுதல் வேறு, நரம்பின் தேற்றம் வேறு என்றும், முன்னதை நம்பிக்கையும் பரிவும் தர முடியும், பின்னதற்கு ஊசி வேண்டியிருந்தது என்றும் இதிலிருந்து தெரிகிறது. மூளையின் மாறுதலை நோயின் மாறுதலோடு, நரம்பின் மாறுதலோடு, காலத்தோடு, போலி ஊசியோடு பொருத்திப் பார்த்த இப்படிப்பட்ட ஆராய்ச்சியே ஊசி வைத்தியத்துக்கு மரியாதை தேடித் தரும். எண்பது பேரோடு நின்றுவிடாமல், வேறு தேசங்களிலும் வேறு கைகளாலும் இது திரும்பச் செய்யப்பட வேண்டும்.

நம் ஊர்களில் இதற்கு ஓர் அவசரம் இருக்கிறது. தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட அக்குபங்சர் பலகைகளைக் காண்கிறோம். பலர் பொறுப்போடு, வலிக்கும் தூக்கமின்மைக்கும், நோயாளியின் மற்ற மருந்துகளை நிறுத்தாமல் சிகிச்சை செய்கிறார்கள். வேறு சிலர் ஊசியையும் விட்டுவிட்டு விரலால் ஒரு புள்ளியைத் தொடுவதோடு நிறுத்தி, எல்லா வியாதிக்கும் அதுவே போதும், மாத்திரையெல்லாம் விஷம் என்று போதிக்கிறார்கள். மூளை அலை மாறுகிறது என்னும் அரைகுறைச் செய்தி அதிக ஆபத்தை விளைவிப்பது அங்கேதான், அதிலும் குறிப்பாக வலிப்பு நோயில். வலிப்பு மூளையின் மின் இயக்கம் கட்டுக்கடங்காமல் போவதால் வருவது. ஊசி மூளையின் மின் இயக்கத்தை மாற்றுகிறது. ஆகவே ஊசி வலிப்பைத் தீர்க்கும் என்று வலிப்புள்ள குழந்தையின் தகப்பனார் ஒருவரிடம் சொன்னால், அவர் அதை எப்படி மறுப்பார்? கேட்பதற்கு எவ்வளவு தர்க்கமாக இருக்கிறது! ஆனால் அக்குபங்சரால் வலிப்பு அடங்கும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்பதே, அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்து காக்ரேன் என்னும் மதிப்பீட்டு அமைப்பு 2014இல் வெளியிட்ட முடிவு. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், ஒன்றன்மேல் ஒன்றாக வலிப்பு வந்து நினைவு திரும்பாமலே உயிர் போகும் நிலைமை உண்டாகக்கூடும். இது நரம்பு மருத்துவர்கள் எல்லோரும் அறிந்தது.

ஆதலால் ஊசி வைத்தியர்களிடம் நான் வேண்டுவது சிறிது. மூளைப் படத்தைச் சுவரில் மாட்டுவதானால், போலி ஊசி பெற்றவருடைய படத்தையும் அதன் பக்கத்தில் மாட்டுங்கள். அந்தப் படம் இல்லையென்றால் எதையும் மாட்டாதீர்கள். வலிப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மருந்து சாப்பிட்டு வருபவர் மெத்தையில் படுக்கும் முன்பே, அந்த மாத்திரைகளை நிறுத்தக் கூடாது என்று அவர் காதுபடவும், துணைக்கு வந்தவர் காதுபடவும் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இடத்திலிருந்து, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தகப்பனார் எழுந்து வந்துவிட வேண்டும்.